மூன்று புள்ளி ஒன்பது வோல்ட்

அக்டோபர் 9

இன்று பதினேழு முறை செத்துப் பிழைத்தது. எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன வேலை எனக்கு.

குதிரையின் கழுத்தில் கட்டுகிற இந்தப் பட்டைக்குள் இருப்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு லித்தியம் பேட்டரி. ஜி.பி.எஸ். வழியாகக் குதிரை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கிற ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப். அதைக் கைப்பேசிக் கோபுரத்துக்கு அனுப்புகிற ஒரு மாட்யூல். சிப் நாள் முழுக்கத் தின்பதை மாட்யூல் ஒரே மூச்சில் தின்றுவிடும். அனுப்புகிற அந்தக் கணத்தில் இரண்டு ஆம்பியர் கேட்கிறது. பேட்டரி கொடுக்க முடியாமல் துவள்கிறது, வோல்ட் சரிகிறது, சிப் மயக்கம் போட்டு விழுகிறது. எழுந்ததும் அதற்கு ஒன்றும் நினைவில்லை. முதலிலிருந்து ஆரம்பித்து மறுபடி அனுப்பப் போய் மறுபடி விழுகிறது. இப்படியே விழுந்து எழுந்து ஒரே நாளில் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிட்டது.

எமில் எட்டிப் பார்த்தான். "பச்சை லைட் எரியுதே சய்ரா அக்கா, அப்புறம் என்ன?" என்றான். எரிவதுதான் பிரச்சினை, ஒவ்வொரு தடவை உயிர் வரும்போதும் எரிகிறது என்றேன். புரிந்த மாதிரி தலையாட்டினான். கம்பெனி அவனுடையது. என்னைவிட ஒன்பது வயது இளையவன். அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே கழுத்தறுக்கிறவன்.

அக்டோபர் 10

கண்டுபிடித்தேன். பாதிக் குற்றம் கம்பியுடையது.

பட்டையில் கனமான பொருள் குதிரையின் கழுத்துக்குக் கீழே தொங்க வேண்டும். அப்போதுதான் பட்டை சுற்றிக்கொள்ளாமல் ஆன்டெனா மேலே வானத்தைப் பார்த்து நிற்கும். அதனால் பேட்டரி கீழே, மாட்யூல் மேலே பிடரியில். நடுவில் போக அரை மீட்டர், வர அரை மீட்டர், தலைமுடி மாதிரி ஒரு கம்பி. இரண்டு ஆம்பியர் அதன் வழியாகப் போனால் கம்பியே கால் வோல்ட் தின்கிறது. வோல்ட்டைக் கோடாக வரைந்து காட்டுகிற ஆஸிலாஸ்கோப்பில் பள்ளம் பள்ளமாகத் தெரிகிறது.

கம்பியைத் தடியாக்க வேண்டும். மாட்யூலின் காலடியிலேயே பெரிய கெப்பாசிட்டர் ஒன்று வைக்க வேண்டும். அவசரத்துக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும், பேட்டரி மெதுவாக நிரப்பிக்கொடுக்கும். இதை ஒரு பாலிடெக்னிக் பையன்கூடச் சொல்வான். என்னைக் கேட்காமல் வெளி ஆளிடம் கொடுத்து வரைந்து வாங்கினால் இப்படித்தான்.

அக்டோபர் 12

கென்ஜே போன் செய்தான். "எஞ்சினியரம்மா, எங்க கெழவிக்கு நகை ரெடியா?" என்று கேட்டான். கெழவி என்பது மந்தையை முன்னே நடத்துகிற சாம்பல் பெட்டைக் குதிரை. அது போகிற பக்கம்தான் நாற்பத்தோரு குதிரையும் போகும். அதன் கழுத்தில் ஒன்று கட்டினால் போதும், மொத்த மந்தையும் எங்கே என்று தெரிந்துவிடும்.

நான் ஏன் இந்த வேலையில் இருக்கிறேன் என்று இங்கே ஒரு தடவை எழுதி வைத்துக்கொள்கிறேன், மறந்துபோகாமல் இருக்க. என் தம்பி கென்ஜே எங்கள் வீட்டின் கடைக்குட்டி. அதனால் எங்கள் வழக்கப்படி மலையூர் அத்-பாஷியில் வீடும் குதிரைகளும் அவனுக்கு, அம்மா அப்பாவைக் கடைசிவரை பார்த்ததும் அவன்தான். போன பிப்ரவரியில் பனிப்புயலில் மந்தை மலை தாண்டிப் போய்விட்டது. எந்தப் பக்கம் என்று தெரியாமல் மூன்று நாள் தேடினான். குதிரைகள் கிடைத்தன. இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது. ஒரு தடவை உறைந்த கால் மறுதடவை சீக்கிரம் உறையும், இன்னொரு முறை இப்படிப் போனால் பாதமே மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பட்டை எதற்கு என்றால் அவன் வீட்டில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு. போக வேண்டியிருந்தால் மேப்பைப் பார்த்து நேராகப் போய் நேராகத் திரும்புவதற்கு. அவன் காலுக்காகத்தான் இது. எமில் விளம்பரத்தில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

அக்டோபர் 21

சண்டை. நான் கேட்ட கெப்பாசிட்டர் கட்டைவிரல் பருமன். அது வைத்தால் பெட்டி தடித்துவிடும் என்கிறான் எமில். "கழுத்துல சோப்பு டப்பா கட்டின மாதிரி இருக்கும் அக்கா. கண்காட்சியில வச்சா யாரு வாங்குவா?"

"குதிரை கண்ணாடி பாக்காது எமில்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு, பெட்டி மாறாது என்றான்.

கடைசியில் பேரம் பேசிக் கால்வாசி அளவில் ஒன்று. கம்பி கொஞ்சம் தடி. சிப்புக்குத் தனியாக ஒரு டையோடும் சின்னக் கெப்பாசிட்டரும் போட்டு, மாட்யூல் இழுக்கிற இழுப்பு அதைத் தொடாதபடி செய்தேன். அறைக்குள் இப்போது விழுவதில்லை. அறைக்குள் என்று அடிக்கோடு போட்டுக்கொள்கிறேன்.

நவம்பர் 3

கண்காட்சியில் பட்டைக்குப் பரிசு. மெல்லிய வடிவமைப்புக்காம்.

நவம்பர் 15

கம்பெனி ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில், யாரோ வைத்திருந்த ஆட்டிறைச்சிக்குப் பக்கத்தில், பட்டையை இரவு முழுக்க வைத்தேன். மைனஸ் பதினெட்டு. காலையில் நாலு தடவை அனுப்பச் சொன்னேன். மூன்று தடவை போனது, ஒரு தடவை விழுந்தது. அத்-பாஷியில் ஜனவரியில் மைனஸ் முப்பது சாதாரணம். குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் இருக்கிற எல்லாமே மந்தமாகிவிடும், கேட்டதும் கொடுக்காது.

எமிலிடம் காட்டினேன். "குதிரை என்ன ஃப்ரீசரா? அதுக்கு உடம்புச் சூடு இருக்கு. குதிரை மேல கட்டிப் பாத்துட்டு வந்து பேசுங்க" என்றான். அதுவும் ஒரு நியாயம்தான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

என்னால் முடிந்தது ஒன்று செய்தேன். அனுப்புகிற செய்தியைச் சுருக்கினேன். செய்தி சிறிதானால் மாட்யூல் விழித்திருக்கிற நேரம் குறையும், பேட்டரிக்குச் சுமை குறையும். இடம், நேரம், வோல்ட், இவ்வளவுதான் போகும். வெப்பநிலை, சிக்னல் பலம் எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். ஒரு நாளைக்கு நாலே தடவை: காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பன்னிரண்டு.

டிசம்பர் 4 — அத்-பாஷி

கெழவி கழுத்தைக் கொடுக்க அரை மணி நேரம் பிகு பண்ணினாள். கென்ஜே அவள் காதில் என்னவோ சொன்னான். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "எங்கக்கா கல்யாணம் நிலைக்கல, வேலையாவது நிலைக்கட்டும், கொஞ்சம் பொறுத்துக்கோன்னேன்" என்றான். வாயில் அடித்தேன். அவன் மனைவி பெர்மெத் வாசலில் நின்று சிரித்தாள்.

இரவு குர்தாக், கறியும் உருளைக்கிழங்கும், வறுத்தாள். கறி வாயில் கரைந்தது. கென்ஜேயின் இடது செருப்பில் பஞ்சு அடைத்திருக்கிறது, இரண்டு விரல் இடத்துக்கு. அதைப் பார்க்காத மாதிரி சாப்பிட்டேன். அனுப்புகிற நாலு நேரத்தையும் சுவர் காலண்டரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், மேப்பை எப்போது பார்ப்பது என்று தெரிவதற்காக.

டிசம்பர் 9 — பிஷ்கெக்

ஐந்தாம் நாளே செத்துவிட்டது. காலை ஆறு மணிச் செய்தி வரவில்லை, பன்னிரண்டும் வரவில்லை. அங்கே மைனஸ் இருபத்தாறு.

எமில் எல்லார் முன்னாலும் கேட்டான், "அக்கா, உங்க ஊருக் குதிரையே உங்க பேச்சைக் கேக்கலையா?" என்று. மேய்ப்பர் கூட்டுறவுகளிலிருந்து நானூறு பட்டைக்கு ஆர்டர் நிற்கிறது. ஜனவரி கடைசிக்குள் குளிர்காலச் சோதனை அறிக்கை கொடுக்க வேண்டும், என் கையெழுத்தோடு. கொடுக்க முடியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வானாம்.

சாயங்காலம் கென்ஜேக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவன் மேல் என்ன தப்பு? ஒன்றுமில்லை. கத்த வேறு ஆள் இல்லை. "இது செத்தா என் வேலையும் சேந்து செத்துச்சுடா, நாப்பத்தொரு வயசுல எவன் எனக்கு வேலை தருவான்" என்றேன். "நான் போய் என்னன்னு பாக்குறேன் அக்கா" என்றான்.

டிசம்பர் 10

மாலை ஆறு மணிக்கு உயிர் வந்துவிட்டது. 3.9 வோல்ட்.

கென்ஜேயைக் கேட்டேன், என்ன செய்தாய் என்று. "ஒண்ணுமில்ல, பட்டை கொஞ்சம் தளர்ந்திருந்துச்சு, இறுக்கிக் கட்டினேன்" என்றான். இறுக்கிக் கட்டினால் குதிரைத் தோலின் சூடு பேட்டரிக்கு ஏறும். எமில் சொன்னது சரிதான் போலிருக்கிறது. எழுதவே கசக்கிறது.

டிசம்பர் 24

பதினான்கு நாள். ஐம்பத்தாறு செய்தி. ஒன்றுகூடத் தவறவில்லை.

ஜனவரி 6

3.9. 3.9. 3.9. மைனஸ் இருபத்தெட்டிலும் 3.9. இப்படி ஒரு கோட்டை நான் அறைக்குள்கூடப் பார்த்ததில்லை. செய்தியைச் சுருக்கியதும் சிப்புக்குத் தனி வழி கொடுத்ததும் இவ்வளவு வேலை செய்யும் என்று நானே நினைக்கவில்லை. எமிலின் மேஜையில் அந்த வோல்ட் கோட்டை அச்சடித்து வைத்தேன், ஒரு வார்த்தை பேசாமல். பேசாமல் வைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

ஜனவரி 17

சிரிப்பு. பகல் பன்னிரண்டு மணிக்கு கெழவி ஊருக்குள், கடைத்தெருப் பக்கம் ஜூமாபாய் வீட்டில் நிற்கிறாள். அங்கே இன்று கல்யாண விருந்து. போன் போட்டால் கென்ஜேயின் பின்னால் ஒரே பாட்டுச் சத்தம். "ஏண்டா, உங்க கெழவிக்கும் அழைப்பு வச்சாங்களா?" என்றேன். "வைக்கோல் வாசனைக்கு ஊருக்குள்ள வந்துட்டா, ஓட்டிவிட்டுடறேன்" என்றான். மாலை ஆறு மணிக்கு மலையடியில் மந்தையோடு இருந்தாள்.

நேற்று போனில் அவன் குரல் கட்டியிருந்தது. சளி என்றான். வெளியே அலையாதே, மேப்பைப் பார், அதற்குத்தானே கட்டியிருக்கிறது என்றேன். "சரிங்க எஞ்சினியரம்மா" என்றான்.

ஜனவரி 31

கையெழுத்துப் போட்டேன். ஐம்பத்திரண்டு நாள், இருநூற்று ஏழு செய்தி, இழப்பு பூஜ்யம், குறைந்த வோல்ட் 3.8. எமில் கேக் வாங்கினான். "அக்கா இல்லன்னா இந்தக் கம்பெனியே இல்ல" என்று பேசினான். இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

பிப்ரவரி 6

பெர்மெத் போன். கென்ஜேயை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கால். வேறு எதுவும் சொல்லவில்லை, கேட்டதற்கு "வந்து பாருங்க" என்றாள். அண்ணி என்றுகூடக் கூப்பிடவில்லை.

மந்தை எங்கே என்றுதான் மேப்பில் தெரியுமே, அப்புறம் எதற்கு அவன் வெளியே போனான்? எதற்குப் போனான்? அத்-பாஷிக்குப் போகிற இந்த வேன் எப்போது கிளம்பும்?

பிப்ரவரி 7

வேனில் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணல்.

மலைப்பாதையில் சிக்னல் வந்ததும் மேப்பைத் திறந்தேன். அவன் இல்லாமல் குதிரைகள் என்ன ஆயினவோ என்று. பன்னிரண்டு மணிச் செய்தி வந்திருந்தது. 3.9 வோல்ட். கெழவி நிற்கிற இடம் அத்-பாஷி மாவட்ட ஆஸ்பத்திரி.

முதலில் ஏதோ பிழை என்று நினைத்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு உள்ளே. நேற்று மாலை ஆறு மணிக்கும் அங்கேதான். கல்யாண வீடு ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் வண்டியில் யார் என்ன பேசினார்கள் என்று தெரியாது.

என்னடா பண்ணி வச்சிருக்க கென்ஜே.

பிப்ரவரி 8

நர்ஸ் அவன் துணிகளை மூட்டையாகக் கட்டிக் கொடுத்தாள். ஆட்டுத்தோல் கோட்டின் உட்பக்கம், நெஞ்சுக்கு நேரே, பெர்மெத்தின் பழைய சால்வையால் தைத்த ஒரு பை. அதற்குள் பட்டை.

"பால்குடிப் பிள்ளை மாதிரி நெஞ்சுல கட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு" என்றாள் பெர்மெத். "ராத்திரி அடுப்புப் பக்கத்துல வச்சு சார்ஜ் போடுவாரு. எனக்குச் சமைக்க அடுப்பு கிடைக்காது, அதுக்குக் கிடைக்கும்."

"நீயாவது எங்கிட்ட ஒரு வார்த்தை—"

"சொன்னா அக்கா வேலை போயிடும்னு சத்தியம் வாங்கிட்டாரு. உங்க வேலை ரொம்பப் பெரிசு அண்ணி. எங்க காலு என்ன, அது கிடக்கு."

துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டேன்.

இடது பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். வலதில் சுண்டுவிரல்.

பிப்ரவரி 9

இன்று பேசினான். மயக்க மருந்து முழுதாக விடாமல் வாய் குழறினாலும் கிண்டல் போகவில்லை. "ரெண்டு காலுக்கும் ஒரே அளவு பூட்ஸ் வாங்க முடியாது, அதான் செலவு" என்றான்.

கேட்டதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"குளிர்ல போனை எவனாச்சும் வெளில வைப்பானா அக்கா? இங்க சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். உள் சட்டைக்குள்ள வச்சாதான் போன் உசிரோட இருக்கும். உன் பட்டைக்குள்ள இருக்கிறதும் போன் பேட்டரிதானே. செத்துக் கிடந்துச்சு, கழட்டி நெஞ்சுக்குள்ள வச்சேன், அரை மணி நேரத்துல லைட் எரிஞ்சுது. திரும்பக் குதிரைக்குக் கட்டினேன், மறுபடி செத்துச்சு. சரி, நம்மகிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அப்ப குதிரை இருந்த இடம் எப்படிச் சரியா வந்துச்சு?"

"நீதான் நேரம் எழுதிக் கொடுத்தியே. அந்த நேரத்துக்கு மந்தை எங்க இருக்கோ தேடிப் போயி பக்கத்துல நின்னுடுவேன். குதிரை ஓரிடம், மேப்ல வேற இடம்னா அது பொய்யில்ல? பொய் சொல்லக் கூடாதுல்ல உன் கம்பெனிக்கு. கல்யாணத்தன்னிக்கு மட்டும் மறந்துட்டேன், நாலு கிளாஸ் உள்ள போயிருச்சு."

ஒரு நாளைக்கு நாலு தடவை. இரவு பன்னிரண்டுக்கும். ஐம்பத்தேழு நாள். அவன் வெளியே போகக் கூடாது என்று நான் செய்த பொருளுக்காக அவன் இதற்கு முன் எந்தக் குளிர்காலத்திலும் போகாத அளவு வெளியே போயிருக்கிறான். அந்தப் பட்டை இல்லாவிட்டால் வாரத்துக்கு இரண்டு தடவை மந்தையைப் பார்த்துவிட்டு வந்து படுத்திருப்பான்.

வெப்பநிலையை நான்தான் எடுத்தேன். அந்த ஒரே ஒரு எண் செய்தியில் இருந்திருந்தால், வெளியே மைனஸ் இருபத்தெட்டு இருக்கும்போது பட்டைக்குள் முப்பத்தொன்று என்று வந்திருக்கும். முதல் நாளே தெரிந்திருக்கும். 3.9 என்ற அந்தக் கோடு நேராக இருந்தது, என் சாமர்த்தியம் என்று நினைத்தேன். தினம் ஒருத்தன் சார்ஜ் போட்டால் நேராகத்தானடி இருக்கும், மூதேவி.

பிப்ரவரி 13 — பிஷ்கெக்

எமிலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நானூறு பட்டையும் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. அவன் முகம் முதலில் மாறியது, நிஜமாகவே. தம்பி எப்படி இருக்கிறான் என்று விசாரித்தான். தண்ணீர் கொடுத்தான். அப்புறம் கதவைச் சாத்தினான்.

"அக்கா, குதிரை மேல இருந்துச்சா ஆள் மேல இருந்துச்சான்னு சர்வருக்குத் தெரியுமா? செய்தி வந்துச்சு. இருநூத்தி ஏழும் வந்துச்சு."

"கெப்பாசிட்டரைப் பெரிசாக்கணும். பேட்டரி வகையை மாத்தணும். இது எல்லாமே மைனஸ் இருபதுல செத்துப்போகும் எமில்."

"குளிர்காலம் முடியப்போகுது. அடுத்த குளிருக்குள்ள மாத்திக்கலாம்."

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கு அங்க. மேப்பை நம்பி ஒருத்தன் தப்பான மலைக்குப் போவான்."

"அறிக்கையில இருக்கிற கையெழுத்து யாரோடது அக்கா?" மிருதுவாகத்தான் கேட்டான். அக்கா என்ற வார்த்தையை அவன் ஒருபோதும் விடுவதில்லை.

பிப்ரவரி 14

தூங்கவில்லை. என் கையெழுத்துதான். வேறு யாருடையது.

பிப்ரவரி 16

ஆர்டர் கொடுத்த கூட்டுறவுகள் எல்லாவற்றுக்கும் கடிதம் எழுதிவிட்டேன். நீளமாக எழுதிக் கிழித்து, கடைசியில் நாலு வரி: இந்தப் பட்டையின் குளிர்காலச் சோதனை குதிரையின் கழுத்தில் நடக்கவில்லை. ஒரு மனிதனின் கோட்டுக்குள் நடந்தது. குதிரையின் கழுத்தில் அது ஐந்து நாள்தான் தாங்கியது. அறிக்கையிலிருந்து என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

அஞ்சலகப் பெண் ரசீதை ஒட்டும்வரை கவுண்டரை விட்டு நகரவில்லை.

பிப்ரவரி 22

சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆர்டர் ரத்து. ஆஸிலாஸ்கோப் என்னுடையது, எடுத்துக்கொள்ள விட்டான். வாசலில் ஒருத்தரும் கண்ணைப் பார்க்கவில்லை. கேக் சாப்பிட்டவர்கள்தான் எல்லாரும்.

மார்ச் 1 — அத்-பாஷி

கென்ஜேயை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வேலை போனதை மறைக்கலாம் என்றுதான் இருந்தேன். எப்படியும் யாராவது சொல்வார்கள் என்று நானே சொல்லிவிட்டேன்.

முதலில் சிரிக்கிற மாதிரி வாயைத் திறந்தான். "அப்ப நான் எதுக்கு—" என்றான். முடிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சாயங்காலம் வரை திரும்பவில்லை. டீயை வைத்தேன், ஆறிப்போய் எடுத்து வந்தேன்.

அவன் காலைக் கொடுத்துக் காப்பாற்றிய வேலையை நான் நாலு வரியில் தொலைத்துவிட்டேன். அனுப்பாமல் இருந்திருக்கலாமா? இருந்திருக்க முடியாது. இரண்டுமே உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படி அவன் முகத்தைப் பார்ப்பது?

மார்ச் 3

பெர்மெத் குதிரையேறி மந்தைக்குப் போகிறாள். காலையில் போனால் மதியம்தான் திரும்புகிறாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறான். மந்தையில் பாதியை விற்றுவிடலாம் என்று அவளே முடிவெடுத்துவிட்டாள், என்னைக் கேட்கவில்லை. கேட்க நான் யார்.

ஏப்ரல் 19 — பிஷ்கெக்

கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் வேலை. உப்பின பேட்டரிகளை மாற்றுகிறேன். குளிரில் செத்தது, வெயிலில் உப்பினது. என் படிப்புக்கு ஏற்ற வேலை.

ஜூலை 8

பிஷ்கெக்கில் முப்பத்தெட்டு டிகிரி. சமையலறை மேஜையில் மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, யாரும் வாங்கப் போவதில்லை. ஆனால் அடுத்த குளிர்காலத்தில் பெர்மெத் போக வேண்டுமே, மலைக்கு. அவளுக்கும் கால் இருக்கிறதே.

இந்த முறை தலைகீழ். பேட்டரி மேலே, மாட்யூலோடு ஒட்டி, பிடரி மயிருக்கு அடியில். விரல் நீளம்கூட இல்லாத தடிக் கம்பி. கீழே எடைக்கு வெறும் ஈயக் கட்டி. சார்ஜ் ஏற்ற முடியாத, குளிருக்கென்றே செய்த லித்தியம் வகை. அது இரண்டு ஆம்பியரை ஒரேயடியாகக் கொடுக்காது, சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்கும். அதனால் பக்கத்தில் பெரிய கெப்பாசிட்டர், கட்டைவிரலைவிடத் தடி. நிரம்பிய பிறகே சிப் மாட்யூலை எழுப்பும். பெட்டி அசிங்கமாக இருக்கிறது, சோப்பு டப்பாவேதான்.

செய்தியில் முதல் எண் வெப்பநிலை.

அக்டோபர் 27 — அத்-பாஷி

கென்ஜே கோலூன்றி லாயம் வரை வந்தான். சிரிக்கிறான், ஆனால் என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை, குதிரையைப் பார்த்துச் சிரிக்கிறான். புதுப் பட்டையைக் கட்ட வேண்டிய விதத்தைப் பெர்மெத்திடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். கட்டினாள், இழுத்துப் பார்த்தாள், போய்விட்டாள்.

நவம்பர் 28 — பிஷ்கெக்

காலை ஏழரைக்குப் போன். பிப்ரவரிக்கு அப்புறம் பெர்மெத் தானாக அழைப்பது இதுதான் முதல் தடவை.

"உங்க பட்டை செத்துப்போச்சு அண்ணி."

"எப்போ?"

"நைட்டு பன்னெண்டு மணியோட மேப் நின்னுடுச்சு. காலையில ஆறு மணிக்கு வரல."

"பட்டை இப்ப எங்க இருக்கு?"

"குதிரைக் கழுத்துல இருக்கு. வேற எங்க இருக்கும்? வெளில மைனஸ் முப்பத்தொண்ணு. நான் டீ குடிச்சிட்டிருக்கேன். அவரும் குடிக்கிறாரு. வெயில் ஏறட்டும், அப்புறம் போய்ப் பாத்துக்கலாம்."

"அவசரமில்ல. வெயில் நல்லா ஏறட்டும்."

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றாள். பின்னால் கென்ஜேயின் குரல் கேட்டது: "வேற பேட்டரி போடச் சொல்லு எஞ்சினியரம்மாவை." அவள் அதைத் திருப்பிச் சொல்லாமலே வைத்துவிட்டாள்.

கணினியைத் திறந்து பார்த்தேன். கடைசியாக வந்த செய்தி நள்ளிரவு பன்னிரண்டு. பட்டைக்குள் மைனஸ் இருபத்துநான்கு. மூன்று புள்ளி பூஜ்யம் வோல்ட்.

தோற்றிருக்கிறது. கெப்பாசிட்டர் நிரம்ப இன்னும் நேரம் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. மைனஸ் இருபத்துநான்கை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்குப் போக நேரமாகிவிட்டது.